கொப்பியில் இருப்பதும் அப்பாவின் நினைவுதான்

கேள்வி:

வணக்கம் அம்மா. நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். என் அப்பாவுக்கு 76 வயது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா தவறி ஒன்றரை வருடம். அம்மா இருக்கும்போது அப்பாவின் மறதி இவ்வளவு இல்லை. அவர் போய் ஆறு மாதத்துக்குள் கூடிவிட்டது. கிளினிக்கில் அல்சைமர் என்று சொன்னார்கள். நாங்கள்தான் முன்பே கவனிக்காமல் விட்டோமோ என்று மனம் குத்துகிறது.

அப்பா தானாகவே ஒரு சின்னக் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி வைக்கத் தொடங்கினார். அது எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். குசினிச் சுவரிலும் அலுமாரிக் கதவிலும் துண்டு எழுதி ஒட்டுவார். அப்படியே சமாளித்துக்கொண்டு இருந்தார். சித்திரைக்குத் தம்பி கனடாவில் இருந்து வந்தான். வீடு குப்பைமாதிரிக் கிடக்கிறது என்று துண்டுகளைக் கிழித்து, சுவருக்குப் பெயின்ற் அடித்து, எழுதி முடிந்த கொப்பிகளோடு சட்டைப்பைக் கொப்பியையும் சேர்த்துப் பின்வளவில் எரித்துவிட்டான். அதற்குப் பதிலாக ஒரு பெரிய போன் வாங்கிக் கொடுத்தான். அப்பா அதைத் தொடுவதே இல்லை. இந்த இரண்டு கிழமையாக வீட்டுக்குள்ளேயே சாமான் தேடித் திரிகிறார், கோபப்படுகிறார், குளிக்க வரமாட்டேன் என்கிறார். தம்பியோடு சண்டை பிடித்தேன். "வெறும் கொப்பிதானே அக்கா, அப்பாவுக்கு இப்ப ஒண்டும் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமே?" என்கிறான். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

இன்னொன்று. "அம்மா எங்கே?" என்று அப்பா அடிக்கடி கேட்பார். உண்மையைச் சொன்னால் முதல்தரம் கேட்பதுபோல அழுகிறார். புதுக் கொப்பி ஒன்றில் "அம்மா மட்டக்களப்பில் சித்தி வீட்டில் நிற்கிறா" என்று அவருடைய எழுத்துப்போலவே நான் எழுதி வைத்தால் என்ன? கொப்பியில் இருப்பதை அவர் அப்படியே நம்புவார். அது பாவமா?

கிளினிக்குக்காக நான் எடுத்து வைத்திருந்ததில் ஒரு கொப்பி தப்பியது. அதில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன். அப்பாவிடம் கேட்டேன். "எழுத்து வடிவா இருக்கோ எண்டு பார்க்கச் சொல்லு" என்றார்.

– ஒரு மகள், உப்புவெளி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் வைத்தியத்தைப் பற்றி. இந்த மாற்றம் இரண்டு கிழமைக்குள் வந்தது என்கிறீர்கள். அல்சைமர் மெல்ல மெல்ல நகரும் நோய். வயதான ஒருவர் சடுதியாகத் தடுமாறத் தொடங்கினால் சிறுநீரில் கிருமித்தொற்று, உடம்பில் தண்ணீர் குறைந்தது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய குளிசை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். இந்த வெயிலில் அவர் தண்ணீர் குடிக்க மறந்திருக்கலாம். அதை ஞாபகப்படுத்திய துண்டும் சுவரில் இல்லாமல் போயிருக்கலாம். எல்லாவற்றுக்கும் கொப்பி எரிந்ததுதான் காரணம் என்று நாங்களே முடிவுகட்டி, மருந்தால் மாறக்கூடிய ஒன்றைத் தவறவிடக் கூடாது. கிளினிக் திகதி வரும்வரை நிற்காமல் இந்தக் கிழமையே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த நாளில் இருந்து இப்படி, என்னென்ன குளிசை எடுக்கிறார் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். உங்களுக்கே தாங்க முடியாத ஒரு நேரம் வந்தால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926 இருக்கிறது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. நீங்கள் பெரிதுபடுத்தவில்லை.

நீங்கள் அனுப்பிய பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து வடிவாகத்தான் இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். நீலப் பேனை, கோட்டில் நிற்கும் எழுத்து. மேலே திகதி. அதன் கீழ் "காஸ் மூடு, திரும்பப் பார்" என்று ஒரு வரி. அடுத்தது "வாசல் திறப்பு: மணிக்கூட்டுக்குக் கீழே ஆணியில்". பிறகு "வெள்ளைக் குளிசை, காலையில், சாப்பிட்ட பிறகு". பேத்தியின் பெயரை எழுதி அதைச் சுற்றிப் பெட்டி கட்டியிருக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் இடது பக்கத்தில் சின்னதாக ஒரு சரி அடையாளம். காஸ் வரிக்கு மட்டும் இரண்டு சரி. திரும்பப் பார்த்திருக்கிறார்.

அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று தம்பி சொல்கிறார். இந்தப் பக்கத்தை எழுதியவருக்குத் தனக்கு எது தெரியாமல் போகும் என்பது தெரிந்திருக்கிறது. அதற்கு முன்கூட்டியே வழியும் செய்திருக்கிறார்.

தம்பி சொன்ன பழமொழியைப் பற்றித்தான் நான் கூடுதலாக எழுத வேண்டும். ஏனென்றால் அன்டி கிளார்க் என்ற மெய்யியலாளர் பல வருடங்களாக எடுத்து வைத்துக் கேட்டுவரும் கேள்வி இதுதான்: ஏட்டில் இருப்பது எப்போது ஒருவருடைய அறிவாகிறது? இப்போது இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். 1998இல் அவரும் டேவிட் சால்மர்ஸ் என்ற அவுஸ்திரேலிய மெய்யியலாளரும் சேர்ந்து மனம் எங்கே முடிகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். சில பக்கங்கள்தான். அதை வைத்து இன்றுவரை விவாதம் நடக்கிறது.

அந்தக் கட்டுரையில் இரண்டு கற்பனைப் பாத்திரங்கள் வருகிறார்கள், இங்கா, ஒட்டோ. நியூயோர்க்கில் நவீன ஓவியக் காட்சியகத்தில் ஒரு கண்காட்சி நடப்பதாக இங்கா கேள்விப்படுகிறாள். காட்சியகம் 53ஆம் தெருவில் இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்து ஞாபகப்படுத்திக்கொண்டு போகிறாள். ஒட்டோவுக்கு அல்சைமர். எங்கே போனாலும் அவர் கையில் ஒரு கொப்பி. புதிதாக எதை அறிந்தாலும் அதில் எழுதுவார், தேவைப்படும்போது திறந்து பார்ப்பார். அவரும் கண்காட்சியைக் கேள்விப்படுகிறார், கொப்பியைத் திறக்கிறார், 53ஆம் தெரு என்று இருக்கிறது, போகிறார். இங்காவின் தலைக்குள் இருந்த நினைவு செய்த அதே வேலையை ஒட்டோவின் பையில் இருந்த கொப்பி செய்திருக்கிறது. அப்படியானால், கொப்பியைத் திறப்பதற்கு முன்பே காட்சியகம் இருக்கும் இடம் ஒட்டோவுக்குத் தெரியும் என்று சொல்வதில் என்ன பிழை? தோலுக்கு வெளியே இருப்பது மட்டும் ஒரு காரணமா? இதுதான் அவர்கள் கேட்டது.

உங்கள் அப்பாவுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தபால்காரர்கள் சைக்கிளில் ஏறுவதற்கு முன் கடிதங்களைத் தெரு ஒழுங்கில் அடுக்கிக் கட்டுவார்கள். கட்டிய பிறகு எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்று தலையில் சுமக்க வேண்டியதில்லை. மேலே இருக்கும் கடிதம்தான் அடுத்த வீடு. கட்டு ஞாபகம் வைத்திருக்கும், அவர் மிதித்தால் போதும். திருக்கடலூர்க் கரையில் பழைய ஆட்களைக் கேட்டாலும் சொல்வார்கள். கடலில் வலை விடும் இடத்தைக் கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை நேராகப் பொருத்தித்தான் பிடிப்பார்கள். மழை மறைத்து மலை தெரியாத நாளில் அந்த இடமும் தெரியாமல் போய்விடும். அதற்காக அந்த மனிசனுக்குக் கடல் தெரியாது என்று யாராவது சொல்வார்களா?

உங்கள் வீட்டுக்கு இன்னும் கிட்டிய ஒன்று இருக்கிறது. 1990களில் கிளார்க், சால்மர்ஸ் இருவரும் அமெரிக்காவில் சென்ற் லூயிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள். அந்த நகரத்தில் தனியாக வாழ்ந்த அல்சைமர் நோயாளிகள் சிலரைப் பற்றிக் கிளார்க் பின்னர் எழுதினார். நினைவுப் பரிசோதனையில் அவர்கள் எடுத்த புள்ளியைப் பார்த்தால் தனியாக ஒரு நாள்கூட இருக்க முடியாதவர்கள். ஆனால் வீட்டில் இருந்தார்கள், அன்றாடக் காரியங்களைச் சமாளித்தார்கள். எப்படி என்று வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் கதவுகளில் பெயர்த் துண்டு. சொந்தக்காரரின் படங்கள், கீழே பெயரும் உறவு முறையும். செய்ய வேண்டியதை எழுதிப் போடுவதற்கென்று ஓர் இடம். புதிதாக நடந்ததைக் குறிக்க ஒரு கொப்பி. சட்டி பானைகூட அலுமாரிக்குள் இல்லாமல் கண்ணுக்குத் தெரியும்படி வெளியில். அந்த மனிதர்களை அந்த வீட்டில் இருந்து தூக்கினால் அவர்களுடைய மனத்தில் ஒரு பகுதியைப் பிடுங்கிவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோவது போலாகிவிடும்.

சித்திரைக்கு முன் உங்கள் குசினி எப்படி இருந்தது என்று ஒருதரம் நினைத்துப் பாருங்கள்.

எல்லா மெய்யியலாளர்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கட்டுரையிலேயே ஒரு அடிக்குறிப்பு இருக்கிறது: இந்தக் கருத்தில் யாருக்கு நம்பிக்கை கூடவோ அவருடைய பெயர் முதலில் என்று. கிளார்க்கின் பெயர்தான் முதலில். பிரெட் அடம்ஸ், கென் ஐசாவா இருவரும் கடுமையாக மறுத்தார்கள். ஒன்றோடு ஒன்று தொடுத்திருப்பதால் அது இதன் உறுப்பாகிவிடாது, கொப்பி நினைவுக்கு உதவும் கருவி, அவ்வளவுதான் என்பது அவர்கள் பக்கம். தம்பி சொல்வதும் ஏறக்குறைய அதுதான். அப்படியே வைத்துக்கொள்வோம். கொப்பி ஓர் ஊன்றுகோல்தான் என்றால்கூட, கால் ஏலாதவரின் ஊன்றுகோலை அவரைக் கேட்காமல் அடுப்பில் வைக்க யாருக்கும் உரிமையில்லை. உங்கள் முதல் கேள்விக்கு அந்த அளவே போதும்.

இரண்டாவது கேள்விக்குப் போதாது. ஊன்றுகோலுக்குள் யாரும் பொய் எழுத முடியாது. கொப்பிக்குள் எழுதலாம்.

அதற்கு முன் அம்மாவைப் பற்றி. நாங்கள் கவனிக்காமல் விட்டோமோ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்த குடும்பங்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது. துணை போன பிறகுதான் மறதி வெளியே தெரியும். நீங்கள் சின்ன வயதில் இருந்து கேட்ட பேச்சை நினைத்துப் பாருங்கள். அப்பா "உவர்மலையில அந்த, அந்த..." என்று தொடங்குவார், அம்மா பெயரைச் சொல்வார், அப்பா கதையைத் தொடருவார். குளிசையை எடுத்துத் தண்ணீரோடு கொடுத்தவர் அம்மா. கலியாண வீட்டில் எதிரே வருகிறவர் யார் என்று காதுக்குள் சொன்னவர் அம்மா. அந்த 1998 கட்டுரையின் கடைசிப் பகுதியில் இதையும் கேட்டிருக்கிறார்கள்: நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த ஒருவர் மற்றவருடைய நினைவின் பகுதியாக இருக்க முடியுமா? ஏன் முடியாது என்பதுதான் அவர்கள் விடை. உங்கள் வீட்டில் அது எத்தனையோ வருடமாக நடந்திருக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் உங்கள் கவலையீனம் இல்லை, அம்மா அவ்வளவு நன்றாக அதைச் செய்திருக்கிறார். அவர் போனபோது அப்பா மனைவியையும் இழந்தார், நினைவில் பெரிய பங்கையும் இழந்தார். மிச்சத்தை வைத்துக்கொண்டு அவரே கடையில் ஒரு கொப்பி வாங்கி எழுதத் தொடங்கியிருக்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்காமல்! அந்த மனிசனை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சரி, பொய்யைப் பற்றி.

எல்லாக் கொப்பியும் நினைவாகிவிடுவதில்லை என்று கிளார்க்கும் சால்மர்ஸும் நாலு தகுதி சொன்னார்கள். அது எப்போதும் கூட இருக்க வேண்டும். தேடாமல் எடுத்துப் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். அதில் இருப்பதை அவர் யோசிக்காமல் நம்ப வேண்டும். முதல் மூன்றும் இவைதான். மூன்றும் அப்பாவின் கொப்பிக்குப் பொருந்துகிறது. மூன்றாவதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "கொப்பியில் இருப்பதை அவர் அப்படியே நம்புவார்." நாலாவது, அதில் இருப்பதை அவர் எப்போதோ ஒருமுறை அறிந்து, சரி என்று ஏற்றுத்தான் அது அங்கே வந்திருக்க வேண்டும். இந்த நாலாவது உண்மையிலேயே தேவையா என்று அந்த இருவருக்குமே சந்தேகம். தத்துவ விவாதத்தில் அவர்களுடைய சந்தேகத்துக்குக் காரணம் இருக்கலாம். நோயாளியைப் பார்க்கிறவள் என்ற முறையில் நான் அந்த நாலாவதைத்தான் இறுகப் பிடிப்பேன். அப்பாவின் கொப்பிக்கு வாசல்காரன் அதுதான்.

வாயால் நீங்கள் "அம்மா சித்தி வீட்டில்" என்று சொன்னால் அப்பா உங்கள் முகத்தைப் பார்க்கலாம். குரலைக் கேட்கலாம். இவள் ஏதோ மறைக்கிறாள் என்று நினைக்கலாம். அந்தப் பொய் இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறது, அவருக்கு அதைத் தள்ளிவிட இடமிருக்கிறது. அவருடைய கொப்பியில், அவருடைய எழுத்துப்போலவே எழுதி வைத்தால் அவர் யாரைச் சந்தேகிப்பது? தன்னையா? அவர் அறியாமல் அவர் நினைவுக்குள் ஒரு கை போய் ஒன்றை வைத்துவிட்டு வருகிறது. அன்பான கைதான், எனக்குத் தெரியும். என்றாலும் அந்த வாசல் அவருடையது.

ஒருவரைச் சுற்றி இருப்பதில் கைவைப்பது சில நேரம் அவரிலேயே கைவைப்பதற்குச் சமமாகலாம் என்று அந்தக் கட்டுரை ஓரிடத்தில் சொல்லிவிட்டுப் போகிறது. தம்பி செய்ததை நீங்கள் அப்படித்தான் உணர்ந்தீர்கள். கொப்பியை எரிப்பதும் கொப்பியில் இல்லாததை எழுதுவதும் ஒரே வீட்டில் நடக்கும் ஒரே வகைக் காரியம், தங்கச்சி. உங்களை நோகடிக்க இதைச் சொல்லவில்லை. கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தீர்களே, அதற்காகத்தான் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நடைமுறையையும் பாருங்கள். அம்மா மட்டக்களப்பில் என்று எழுதியிருந்தால் ஒரு நாள் காலையில் அவர் சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வெளிக்கிடுவார், கூட்டிக்கொண்டு வர. இல்லாவிட்டால், ஏன் எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் போனாள், ஏன் இன்னும் வரவில்லை என்று அம்மாமேல் மனம் கசந்துபோவார். சாமியறைக்குப் பக்கத்தில் மாலை போட்ட படம் இருக்குமே. என்றைக்காவது அதன் முன்னால் கொப்பியோடு நிற்பார். அன்றைக்குக் கொப்பி பொய் சொல்லும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் "காஸ் மூடு" என்ற வரியையும் அவர் நம்ப வேண்டியதில்லை.

அப்படியென்றால் அவர் கேட்கும்போது என்ன சொல்வது? ஒவ்வொரு தரமும் மரணச் செய்தி அறிவிக்க வேண்டும் என்று எந்தத் தருமமும் இல்லை. "அம்மா எங்கே?" என்ற கேள்விக்குள் பெரும்பாலும் அம்மா வேண்டும் என்ற தவிப்புத்தான் இருக்கும். "அம்மாவின் ஞாபகம் வந்திட்டுதா அப்பா? எனக்கும்தான்" என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். அம்மாவின் மீன்குழம்பைப் பற்றி, அவர்கள் கலியாணத்தைப் பற்றிக் கேளுங்கள். பழைய கதை அவரிடம் நிறைய இருக்கும், அந்த நினைவுகள் கடைசியாகத்தான் போகும். நேராக "செத்துப்போனாவா?" என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்ல வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சொற்களில். அழுதால் அழட்டும், கூட இருங்கள். நோய் முற்றிய நிலையில் வாயால் சொல்லும் சின்னப் பொய் இரக்கம்தான் என்று நினைக்கும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போக நிற்கும் அப்பாவிடம் "காலையில வருவா, இப்ப படுங்கோ" என்று ஒரு மகள் சொல்லிவிட்டால் நான் அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். அந்தச் சொல் விடியும்போது போய்விடும். மையால் எழுதியது நிற்கும்.

கொப்பியில் அம்மாவைப் பற்றி ஒன்றுமே இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவருடைய மனம் தெளிந்த ஒரு காலையைப் பார்த்து, அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். சேர்ந்து வாசியுங்கள். அம்மாவைப் பற்றிக் கொப்பியில் என்ன எழுதுவோம் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்லும் சொல், அவர் கை. நாங்கள் எதிர்பாராத ஒன்றைச் சொல்லலாம். ஒன்றும் வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கட்டும். எழுதினால் காலையில் முதலில் திறக்கும் பக்கத்தில் அது வேண்டாம், நடுவில் எங்காவது இருக்கட்டும்.

தம்பியைப் பற்றி. அவரை எதிரியாக்காதீர்கள். பல வருடத்துக்குப் பிறகு படலையைத் திறந்து வந்த பிள்ளை, சுவர் முழுக்கத் துண்டு ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறார். அப்பாவின் நோய் சுவரில் எழுதியிருக்கிறது. பார்க்கத் தாங்காமல் அதைத் துடைத்து வெள்ளையடித்திருக்கிறார். நீங்கள் தினமும் பார்த்துப் பழகினீர்கள், அவருக்கு ஒரே நாளில் எல்லாம் முகத்தில் அடித்தது.

அவரிடம் மெய்யியல் பேச வேண்டாம், அவருடைய போனைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை இலக்கம் மனப்பாடம்? அக்காவின் இலக்கம் மனப்பாடமா? போன் தொலைந்தால் வேலைக்குப் போகும் வழி, வங்கிக் கடவுச்சொல், பிள்ளையின் பள்ளிக்கூட நேரம் எல்லாம் என்னாகும்? சால்மர்ஸே 2008இல், தான் வாங்கிய ஐபோன் தன் மூளையின் முக்கியமான சில வேலைகளை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது என்று எழுதினார். "அப்பாவின்ர போனைத்தான் நீ எரிச்சிட்டாய்" என்று சொன்னால் தம்பிக்கு விளங்கும். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். அவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். இங்கே இரவு எட்டு மணிக்கு அங்கே காலை. தினமும் அந்த நேரத்துக்கு எடுத்து, "அப்பா, இண்டைக்குக் கொப்பியில என்ன எழுதினீங்கள்?" என்று கேட்கட்டும். அப்பா திறந்து வாசிப்பார். வாசிக்கும்போது இன்னொருமுறை மனதில் பதியும். அப்பா தொடாமல் வைத்திருக்கும் அந்தப் பெரிய போனை நீங்கள் பிடித்துக்கொண்டு மகனின் முகத்தைக் காட்டலாம், அதற்கு அது நல்லது.

வீட்டைத் திரும்ப எழுப்ப வேண்டும். தப்பிய கொப்பி எந்த அளவோ அதே அளவில், அதே கோடு போட்டதாக வாங்குங்கள். வடிவான டயறி வேண்டாம். அவருடைய கை அந்த அளவுக்குத்தான் பழகியது, சட்டைப்பையும் அந்த அளவுதான். இரண்டு மூன்று சேர்த்து வாங்கி ஒன்றை மறைத்து வையுங்கள். பழைய கொப்பியில் இன்றும் பொருந்தும் வரிகளை அவரே பார்த்து எழுதட்டும். ஒரு நாளைக்கு நாலு வரி போதும். கை களைத்து, நீங்கள் எழுத வேண்டி வந்தால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உங்கள் எழுத்தில் எழுதி, "மகள்" என்று பக்கத்தில் போடுங்கள். தன் சொல் எது, மகளின் சொல் எது என்று அவருக்குத் தெரிய வேண்டும். மணிக்கூட்டுக்குக் கீழே இருந்த ஆணி பெயின்ற் அடித்தபோது பிடுங்கப்பட்டிருந்தால் இன்றைக்கே அதே இடத்தில் அடியுங்கள். சுவர்த் துண்டுகளைத் தம்பியின் மனம் நோகாமல் ஒரு பலகையில் குத்திக் குசினிக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டலாம். எந்தத் துண்டு எங்கே என்பதை மட்டும் அப்பா சொல்லட்டும்.

எல்லாம் கொப்பியில் இருக்க வேண்டியதும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்குப் போவாரா என்று நீங்கள் எழுதவில்லை. போகிற பழக்கம் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டினால் பாதை அவரைக் கூட்டிக்கொண்டு போகும். மான்கள் நிற்கும், ஏற்றம் வரும், கடல் தெரியும், அடுத்து என்ன என்று யோசிக்க ஒன்றுமில்லை. பேத்தியின் பெயரைக் கொப்பியில் பார்க்கும் ஒருவர் அங்கே நின்று சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தைச் சொல் பிசகாமல் பாடியதை நானே கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் நாக்கில் ஏறியது கடைசிவரை நிற்கும். உங்கள் அப்பாவுக்கு அப்படி என்ன இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியும் சட்டைப்பையில் போகட்டும். வைத்தியர் கேள்வி கேட்கும்போது அப்பா கொப்பியை எடுக்கப் பார்ப்பார். தலைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வைத்தியர் அதை மூடி வைக்கச் சொல்லலாம், அது அவருடைய வேலை. கொஞ்ச நேரம் நீங்கள் வாங்கி மடியில் வைத்திருங்கள். கொப்பி கையில் இருக்கும்போது அவரால் என்னென்ன செய்ய முடிகிறது என்பதையும் நீங்கள் சொல்லிக் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். பரிசோதனை முடிந்து அவர் கதிரையை விட்டு எழும்புவதற்கு முன் கொப்பியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். வெளியே வந்ததும் அன்றைய திகதியைப் போட்டு, வைத்தியர் என்ன சொன்னார் என்று அவரே எழுதட்டும்.